புதிய டிஜிட்டல் அச்சுக்கடைக்கு மூன்று இடங்கள்: எதைப் பார்த்து எதைக் கழிப்பது?

#1 புதுக்கடை

டிஜிட்டல் பிரிண்டிங், ஜெராக்ஸ், பைண்டிங் மூன்றும் சேர்ந்த கடை. பெரிய பிரிண்டர் 2, மின் கட்டிங் மெஷின் 1, லேமினேஷன் மெஷின் 1, கணினி 4, ஆட்கள் 4 பேர். வியாபாரத்தில் பாதி நேரில் வருகிறவர்கள், மீதி அலுவலக ஆர்டர்கள் என்று கணக்கு. கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒப்பிட வசதியாக முதல் இடத்தின் மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் இடம்: பிரதான சாலை, தரைத்தளம், 400 சதுர அடி, வாடகை 100.
இரண்டாவது: அதே சாலையிலிருந்து 60 மீட்டர் உள்ளே கிளைத்தெரு, தரைத்தளம், 700 சதுர அடி, வாடகை 60.
மூன்றாவது: பிரதான சாலை, முதல் மாடி, 900 சதுர அடி, வாடகை 55.

கேட்டவர்கள் எல்லோரும் "ரோட்டு மேல எடு" என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் வாடகையும் குறைவு, இடமும் அதிகம். எதை முதலில் சரிபார்ப்பது?

#2 தெருமுனை

"ரோட்டு மேல எடு" என்பது பாதி உண்மைதான். எத்தனை பேர் போகிறார்கள் என்பதை விட எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் உங்கள் தொழிலுக்கு முக்கியம். பேருந்தைப் பிடிக்க ஓடுகிற ஆயிரம் பேரும் கையில் கோப்போடு நடக்கிற ஐம்பது பேரும் உங்களுக்கு ஒன்றல்ல.

எண்ணும் முறை: 15 நிமிடம் எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். கடை திறக்கும் நேரம், மதியம், மாலை என்று மூன்று வேளை. வார நாளில் இரண்டு நாள், விடுமுறை நாளில் ஒரு நாள். மழை நாளையும் விசேஷ நாளையும் விட்டுவிடுங்கள். சாலையின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எண்ண வேண்டும். நடுவில் தடுப்புச்சுவர் இருந்தால் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் உங்கள் கூட்டமே இல்லை. கையில் கோப்பு, உறை, பை வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கோடு போடுங்கள். கிளைத்தெருவுக்கு, அதன் வாயிலில் நின்று எத்தனை பேர் உள்ளே திரும்புகிறார்கள் என்று எண்ணினால் போதும்.

பெயர்ப்பலகையையும் இப்போதே யோசியுங்கள். எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டருக்கு 3 மீட்டர் தூரம் என்பது நல்ல வாசிப்புக்கான கைக்கணக்கு. தெருமுனையில் நிற்பவர் 60 மீட்டர் உள்ளே இருக்கும் பலகையைப் படிக்க வேண்டுமானால் எழுத்தே அரை மீட்டர் உயரம் வேண்டும். சுவரோடு ஒட்டிய பலகை அந்தக் கோணத்தில் தெரியவே தெரியாது. தெருப்பக்கம் நீட்டி நிற்கும் பலகை ஒன்று, முனையில் அம்புக்குறியோடு ஒன்று, இந்த இரண்டுக்கும் அனுமதி கிடைத்தால் 60 மீட்டர் ஒரு குறையே இல்லை. கிடைக்காவிட்டால் அது 600 மீட்டர் மாதிரி.

பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஜெராக்ஸ் கடை இருந்தால் பயந்து ஓடவேண்டாம். ஒரே சரக்கு விற்பவர்கள் ஏன் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள் என்று ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் 1929-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். "அந்தப் பக்கம் போனால் அச்சு வேலை முடியும்" என்ற பெயர் மொத்தத் தெருவுக்கும் லாபம். அவர்கள் செய்யாத வேலை ஒன்றாவது உங்களிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

#3 வரவுசெலவு

ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் எத்தனை பேர் கூடுதலாக வரவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

காகிதம், டோனர், மெஷின் பராமரிப்பு போக விற்பனையில் 40 சதவீதம் நிற்கிறது என்று வைப்போம். முதல் இடத்தின் வாடகை 100-ஐக் கட்ட மட்டும் 250-க்கு விற்கவேண்டும். இரண்டாவதற்கு 150, மூன்றாவதற்கு 137.5. முதலுக்கும் இரண்டாவதற்கும் வாடகை வித்தியாசம் 40. அதை ஈடுகட்ட முதல் இடம் மாதம் 100 கூடுதலாக விற்றாக வேண்டும். கிளைத்தெருவில் 300 விற்கும் என்றால் ரோட்டில் 400, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். சராசரி பில் தொகையால் வகுத்து, வேலை நாட்களால் வகுத்தால் நாளைக்கு எத்தனை பில் கூடுதல் என்று வந்துவிடும். அதைத் தெருமுனை சொன்ன எண்ணிக்கையோடு ஒட்டிப் பாருங்கள்.

அலுவலக ஆர்டர் பாதி என்கிறீர்கள். அந்தப் பாதிக்கு முகப்பு தேவையே இல்லை. ஆகவே கூடுதல் 100 முழுவதும் நேரில் வரும் பாதியிலிருந்துதான் வரவேண்டும்: 150 விற்ற இடத்தில் 250. இப்போது அது மூன்றில் ஒரு பங்கு இல்லை, மூன்றில் இரண்டு பங்கு.

வாடகையோடு நின்றுவிடாமல் இவற்றையும் மாதக் கணக்கில் ஏற்றுங்கள்: பராமரிப்புக் கட்டணம், வாடகை மீதான வரி, காப்பீடு, முன்பணத்தின் வட்டி. முன்பணம் 6 மாத வாடகை, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் அதுவே மாத வாடகையில் 5 சதவீதம். உள்வேலைச் செலவை ஒப்பந்தத்தின் உறுதியான மாதங்களால் வகுக்கவேண்டும்: 360 செலவானால் 3 ஆண்டு ஒப்பந்தத்தில் மாதம் 10, 5 ஆண்டில் 6.

#4 தூண்உத்தரம்

கணக்கெல்லாம் சரி, ஆனால் மூன்றாவது இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. காகிதம் எவ்வளவு கனம் என்று யாராவது யோசித்தீர்களா?

ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் 16-ல் 1 பங்கு. 80 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) என்றால் ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கொண்ட ரீம் 2.5 கிலோ, உயரம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கனமீட்டருக்கு 800 கிலோ வருகிறது. தண்ணீருக்கு ஐந்தில் நான்கு பங்கு. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் சதுர மீட்டருக்கு 1200 கிலோ.

அலுவலக மாடித் தளத்தை வடிவமைக்கும்போது எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவில்தான் இருக்கும். வீடாகக் கட்டிப் பின்னால் கடையாக மாற்றிய கட்டடம் என்றால் 150 முதல் 200. அதாவது 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காகிதம் அடுக்கியதுமே அந்த இடத்தில் அலுவலகத் தளத்தின் கணக்கு முடிந்துவிட்டது. தளம் உடனே இடிந்து விழாது. வடிவமைப்பில் கூடுதல் பாதுகாப்பு வைத்திருப்பார்கள், சுமையும் பக்கத்தில் பரவும். ஆனால் உத்தரத்தில் விரிசல், நடுவில் தொய்வு, கீழ்க்கடைக் கூரையில் பூச்சு உதிர்வது என்று ஒவ்வொன்றாக வரும், பழி உங்கள் மேல்.

#5 புதுக்கடை

காகிதத்தைக் கீழே வேறெங்காவது வைத்துக்கொண்டு, மாடியில் அன்றாடத் தேவைக்கு மட்டும் ஏற்றினால்?

#6 தூண்உத்தரம்

மெஷினை எங்கே வைப்பீர்கள்? பெரிய டிஜிட்டல் பிரிண்டர் அதன் முடிப்புக் கருவியோடு (அச்சான தாளை அடுக்கி, பின் அடிக்கும் பகுதி) சேர்ந்து 300 முதல் 500 கிலோ வரை போகும். நான்கு சிறிய சக்கரத்தில் அந்த எடை நிற்கிறது. கட்டிங் மெஷினும் பல நூறு கிலோ, அதோடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் உதை. படிக்கட்டுத் திருப்பத்தில் இவற்றைத் திருப்ப முடியுமா? லிஃப்ட் இருந்தால் அதன் தாங்கு எடையோடு கதவின் அகலத்தையும் பாருங்கள். எடை தாங்கும் லிஃப்டிலும் கதவு இடிக்கும்.

கட்டாயம் மாடிதான் என்றால் கட்டடத்தின் கட்டமைப்பு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் சொல்லவேண்டும். "எத்தனையோ வருஷமா நிக்குது சார்" என்ற உரிமையாளரின் வாய்ச்சொல் சான்று ஆகாது.

தரைத்தளத்திலும் ஒரு கேள்வி: கீழே மண்ணா, பேஸ்மென்ட்டா? பேஸ்மென்ட் இருந்தால் அதுவும் மாடித் தளம்தான், மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும்.

#7 அளவுநாடா

அந்த 900 சதுர அடி எந்த 900 என்று கேட்டீர்களா? சுவருக்குச் சுவர் உள்ளளவா, சுவரையும் சேர்த்ததா, படிக்கட்டிலும் வராந்தாவிலும் உங்கள் பங்கைச் சேர்த்ததா? மாடி இடங்களில் பெரும்பாலும் கடைசி வகைதான். "30 சதவீதம் கூட்டியிருக்கிறோம்" என்று சொன்னால் 900-ஐ 1.3-ஆல் வகுக்கவேண்டும்: 692. சிலர் 900-இலேயே 30 சதவீதத்தைக் கழிப்பார்கள்: 630. சொல் ஒன்றுதான், நடுவில் 62 சதுர அடி வித்தியாசம். லேசர் அளவுகோல் எடுத்துப்போய் நீங்களே அளந்து, அந்த உள்ளளவை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

அடுத்தது, உங்களுக்கு எவ்வளவு தேவை. சதுர மீட்டரில் போடுகிறேன்.

வாடிக்கையாளர் நிற்க 1.5 மீட்டர், கவுன்ட்டர் 0.6, பின்னால் ஆள் நடக்க 0.9. மொத்தம் 3 மீட்டர் ஆழம், 4 மீட்டர் அகலம்: 12. பிரிண்டர் ஒன்றுக்குத் தாள் மாற்றவும் கதவு திறக்கவும் பின்பக்கம் கை விடவும் சேர்த்து 2.5-க்கு 2.5, இரண்டுக்கு 12.5. கட்டிங் மெஷின் 6. லேமினேஷனும் பைண்டிங் மேசையும் 4.3. கணினி இருக்கை நான்கு, 7.2. காகிதம் 4. கழிவறை 2. கூட்டினால் 48 சதுர மீட்டர், ஏறக்குறைய 517 சதுர அடி.

முதல் இடம் 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர்தான். அதுவும் உள்ளளவாக இருந்தால்! அங்கே ஒரு பிரிண்டரையோ கணினி வரிசையையோ விட்டுவிட்டுத்தான் போகமுடியும். இரண்டாவது 700 என்பது சுவர் சேர்த்த அளவாக இருந்தாலும் உள்ளே 640, ஏறக்குறைய 59.5 சதுர மீட்டர் நிற்கும். வளர்வதற்கும் கால்வாசி மிச்சம். உங்கள் மெஷின்களின் விவரக்குறிப்பில் பராமரிப்பு இடைவெளி என்று ஒரு படம் இருக்கும். என் எண்களுக்குப் பதில் அதிலிருப்பதைப் போட்டுத் திரும்பக் கூட்டுங்கள். மெஷினின் நீள அகலத்தை மட்டும் வைத்துப் படம் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பிரிண்டரின் பக்கக் கதவு சுவரில் இடித்தால் சர்வீஸ்காரர் ஒவ்வொரு முறையும் 400 கிலோவை இழுக்கவேண்டும்.

#8 தெருமுனை

அப்படியானால் நடுவழி ஒன்று இருக்கிறதே. ரோட்டில் 100 சதுர அடியில் ஒரு சின்ன கவுன்ட்டர், ஒரே ஒரு ஜெராக்ஸ் மெஷின். பெரிய வேலை எல்லாம் உள்ளே தள்ளி மலிவான இடத்தில்.

#9 வரவுசெலவு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இரண்டாவது கடைக்கு இன்னொரு ஆள், இன்னொரு இணைய இணைப்பு, இன்னொரு முன்பணம், இன்னொரு உரிமம், கொண்டுவந்து கொண்டுபோக ஒருவர். அவசரத்துக்கு வருகிறவர் மாதிரித் தாளைப் பார்த்துத் திருத்தம் சொல்லவேண்டும். அது பின்கடையிலிருந்து வர அரைமணி ஆனால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். விற்பனையில் பெரும்பங்கு மறுநாள் கொடுக்கும் ஆர்டராக இருந்தால் இந்த ஏற்பாடு ஓடும். பாதிக்குப் பாதி என்றால் கையைக் கடிக்கும்.

#10 தெருமுனை

சரி, ஆரம்பத்தில் வேண்டாம். ஆனால் முனையில் பலகை வைக்கும் உரிமை கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த வழி இதுதான் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

#11 மும்முனை

மின்சாரம். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பூட்டிய கடைக்கு வாடகை கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் சுமைப் பட்டியல். பிரிண்டர் ஒன்றுக்கு 4 கிலோவாட் என்று எடுத்தால் இரண்டுக்கு 8. கட்டிங் மெஷின் 2. லேமினேஷன் 1.5. இரண்டு டன் ஏசி இரண்டுக்கு 4.4. கணினி 1, விளக்கு 0.5. மொத்தம் 17.4. எல்லாம் ஒரே நேரத்தில் முழுதாக ஓடாது, முக்கால் பங்கு போடுங்கள்: 13 கிலோவாட்.

230 வோல்ட், 40 ஆம்பியர் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு அதிகபட்சம் 9.2 கிலோவாட் தரும். போதாது. மும்முனை (த்ரீ ஃபேஸ்) 400 வோல்ட்டில் 13 கிலோவாட்டுக்குத் திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.9 என்று வைத்தால் ஒவ்வொரு முனையிலும் 21 ஆம்பியர். 32 ஆம்பியர் மும்முனை இணைப்பு இருந்தால் நிம்மதி, பின்னால் ஒரு மெஷின் கூட்டினாலும் தாங்கும்.

போய்ப் பார்க்கவேண்டியவை:

மீட்டர் பலகையில் எத்தனை முனை, அனுமதித்த சுமை எவ்வளவு, கட்டண வகை வணிகமா வீடா என்பதை மின்கட்டண ரசீதில் பாருங்கள். முந்தைய வாடகைதாரரின் பாக்கி இருந்தால் இணைப்பு உயர்த்தும் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

மாலை உச்ச நேரத்தில், இருக்கிற சுமை ஓடும்போது மின்னழுத்தம் அளக்கவேண்டும். காலையில் அளந்து 230 வந்தது என்பதில் பயனில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 2-3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நியூட்ரல் இணைப்பிலோ எர்த்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டரிலிருந்து கடைக்கு வரும் கேபிளின் பருமன். மும்முனை மீட்டர் இருக்கும், கேபிள் பழைய ஒருமுனைக்குப் போட்டதாக இருக்கும்.

இடம் கிடைத்தபின் பிரிண்டர் இரண்டையும் வெவ்வேறு முனையில் போடுங்கள். டோனரை உருக்கும் ஹீட்டர் விட்டுவிட்டு இழுப்பதால் அதே முனையில் உள்ள விளக்கு கண்சிமிட்டும். கணினிக்கான யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள், அந்த ஹீட்டர் இழுக்கும் இழுப்பில் அது அணைந்துவிடும். எல்லா மெஷினையும் ஒரே 30 மில்லிஆம்பியர் கசிவுக் காப்பின் (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் வைத்தால் ஒவ்வொன்றின் சிறு கசிவும் சேர்ந்து, கோளாறே இல்லாமல் அடிக்கடி விழும். பிரித்துப் போடவேண்டும்.

ஒரு கிலோவாட் மின்சாரம் என்பது மணிக்கு 3412 பிடியு (வெப்ப அலகு) வெப்பம்; ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பிடியுவை வெளியேற்றும். 8 கிலோவாட் பிரிண்டர்கள் பாதிச் சுமையில் ஓடினாலே ஒரு டன்னுக்கு மேல் ஏசி அவற்றுக்கே போய்விடும். கண்ணாடி முகப்பு மேற்குப் பார்த்தால் அதன் மேல் இன்னும் கூடும். ஏசியின் வெளிப்பெட்டியை எங்கே மாட்டுவது, அதன் தண்ணீர் எங்கே வடியும் என்று இப்போதே கேளுங்கள்.

#12 சுமைவண்டி

சின்னதாக ஒன்று. காகிதம் கொண்டுவரும் வண்டி எங்கே நிற்கும்? முதல் இடம் பிரதான சாலையில் இருப்பதால் பகலில் சரக்கு வண்டி நிறுத்தத் தடை இருக்கிறதா பாருங்கள். கிளைத்தெருவில் அந்தப் பிரச்சினை குறைவு, ஆனால் வண்டி திரும்பி வெளியே வரவேண்டும், அல்லது மறுமுனை திறந்திருக்கவேண்டும். நீளமான லாரி திரும்ப 12.5 மீட்டர் வெளி ஆரம் கேட்கும். உங்களுக்குச் சிறிய சரக்கு வண்டி போதும், அதற்கு இதில் பாதி இடமே போதும். மெஷின் இறங்கும் நாளுக்கு மட்டும் தாழ்வாகத் தொங்கும் ஒயர்களை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடைக்குள் படி இல்லாமல் தள்ளுவண்டி போகவேண்டும். ஒரு படி இருந்தாலும் ஒவ்வொரு பெட்டியையும் கையால்தான் தூக்குவீர்கள். சாய்தளம் போடுவதென்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அதுதான் அளவு, கதவில் 90 சென்டிமீட்டர் தெளிவான திறப்பு.

#13 தூண்உத்தரம்

ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காகிதக் கடைக்கு இது உயிர்நாடி. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் தாள் ஒழுங்காக ஓடும். அதிகமானால் தாள் சுருண்டு சிக்கும், டோனர் சரியாகப் பிடிக்காது. மிகக் குறைந்தால் நிலைமின்சாரத்தில் இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு போகும்.

சுவரில் கறை இருந்தால் அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். தரையிலிருந்து மேலேறி, ஒரு மீட்டருக்குள் நின்று, மேல்விளிம்பில் உப்புப் பூத்திருந்தால் அது நிலத்தடி ஈரம். எல்லாச் சுவரிலும், கதவுச் சட்டத்திலும்கூட ஒரே மட்டத்தில் கோடு இருந்தால் வெள்ளம் வந்த தடம். ஒரே ஒரு இடத்தில் திட்டாக இருந்தால் குழாய்க் கசிவு. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் கீழ்ப்பாதியை மட்டும் அடித்திருந்தாலோ, கீழ்ப்பாதிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ காரணம் கேளுங்கள்.

தரைக்கு ஒரு சோதனை: 45 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீனைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேலே மட்டும் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். டைல்ஸ் தரையில் இணைப்புக் கோடுகள் ஷீட்டுக்குள் வருமாறு விரிக்கவேண்டும்.

ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, வடிகாலில் இறங்குகிறதா, நாற்றம் மேலே வருகிறதா என்றும் பாருங்கள். தெருவின் மட்டத்தை விடக் கடைத் தரை தாழ்ந்திருந்தால் மற்ற எதையும் பார்க்கவேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

#14 பத்திரம்

இடம் சரி என்று தோன்றிய பிறகு என் பக்கம் வாருங்கள். சட்டம் ஊருக்கு ஊர் வேறு, ஆகவே எங்கும் கேட்கவேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடுபவருக்கு உரிமை இருக்கிறதா? கூட்டுச் சொத்து என்றால் எல்லோரும் போடவேண்டும், அல்லது அதிகாரப் பத்திரம் வேண்டும். உங்களுக்குக் கொடுப்பவரே வாடகைதாரர் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். கட்டடம் அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடன் தவறினால் கட்டடத்தோடு நீங்களும் வெளியே போகவேண்டி வரலாம்.

அந்த நிலத்தில், அந்தக் கட்டடத்தில் அச்சு வேலைக்கு அனுமதி உண்டா? "கடை" என்ற அனுமதியில் மெஷின் ஓட்டும் தொழில் அடங்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். முந்தையவர் வைத்திருந்த உரிமம் அவர் பெயரில் இருந்தது, உங்களுக்கு வராது. ஒப்பந்தத்தில் பயன்பாட்டை "அச்சு, நகல், பைண்டிங் மற்றும் அது சார்ந்த வணிகம்" என்று எழுதுங்கள். வெறும் "ஜெராக்ஸ் கடை" என்றால் நாளைக்குக் கட்டிங் மெஷின் சத்தத்தைக் காட்டி மீறல் என்பார்கள்.

காலத்தை இருவருக்கும் ஒரே மாதிரி எழுதவேண்டியதில்லை. நீங்கள் 6 அல்லது 12 மாதத்துக்குப் பின் அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம், உரிமையாளர் முழுக் காலமும் எழுப்பக்கூடாது என்பதுதான் புதுத்தொழிலுக்கு ஏற்ற அமைப்பு. கட்டடத்தை விற்றால் வாங்குகிறவரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வரி வேண்டும். இடித்துக் கட்டும் உரிமை அவருக்கு இருந்தால் எத்தனை மாத அறிவிப்பு, உங்கள் உள்வேலைக்கு என்ன ஈடு என்பதும் வேண்டும்.

கூரை, தூண், வெளிக்குழாய், பொதுக் கழிவுநீர் எல்லாம் உரிமையாளர் செலவு. உள்ளே நீங்கள் போட்டது உங்கள் செலவு. "எல்லாப் பழுதும் வாடகைதாரர்" என்ற ஒற்றை வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்றால் அந்தப் பழைய நிலையைத் தேதியிட்ட படங்களாக ஒப்பந்தத்தோடு இணையுங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எதற்காக மட்டும் பிடிக்கலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

தனிநபர் பெயரில் எடுத்துப் பின்னால் கூட்டாண்மையாகவோ நிறுவனமாகவோ மாற்றப்போகிறீர்கள் என்றால், புதுச் சம்மதம் இல்லாமலே ஒப்பந்தம் அதற்கு மாறும் என்று இப்போதே ஒரு வரி சேருங்கள். பிறகு கேட்டால் வாடகையைக் கூட்ட அது ஒரு சாக்கு.

வாடகை உயர்வு ஆண்டுக்கு 5 சதவீதமோ, 3 ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதமோ கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான், எது எளிதோ அதை எடுங்கள்.

#15 வரவுசெலவு

மற்றதெல்லாம் பொன்னான பேச்சு, கடைசி வரியில் மட்டும் தடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 9 ஆண்டுக்குக் கணக்குப் போடுவோம், முதலாண்டு வாடகை 1. ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஒன்பது ஆண்டு மொத்தம் 11.03. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 என்றால் 3 + 3.45 + 3.97, மொத்தம் 10.42. முதல் முறையில் ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம் கட்டுகிறீர்கள். ஆண்டுதோறும் உயர்வது முன்னதாகவே தொடங்கிவிடுகிறது, அதன் மேல் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுகிறது. தொடக்க ஆண்டுகளில் பணம் கையில் இருப்பதும் புதுக்கடைக்கு நல்லது.

வாடகை இல்லாத உள்வேலைக் காலத்தையும் கேளுங்கள். 36 மாத ஒப்பந்தத்தில் 3 மாதம் விட்டுக்கொடுத்தால் சராசரி வாடகை 8 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. "வாடகையைக் குறை" என்றால் முறைக்கும் உரிமையாளர் இதற்குத் தலையாட்டுவார், ஏனென்றால் பத்திரத்தில் எழுதும் வாடகை அப்படியே இருக்கும்.

#16 பத்திரம்

திருத்தம் ஏற்கிறேன். கூடவே ஒன்று: அந்த 3 மாதம் கையெழுத்து நாளிலிருந்து தொடங்கக்கூடாது. தேவையான மின்சுமையோடு சாவி கைக்கு வந்த நாளிலிருந்து என்று எழுதுங்கள்.

#17 புதுக்கடை

மூன்றாவது கழிந்தது. முதலாவது அளவிலேயே போதவில்லை. இரண்டாவதைப் போய்ச் சோதித்தேன். உள்ளளவு 644 சதுர அடி. கீழே மண்தான், தரை தெருவை விட 40 சென்டிமீட்டர் உயரம். இணைப்பு ஒருமுனை. பின்சுவரில் 30 சென்டிமீட்டர் வரை உப்பு, மற்ற சுவர் சுத்தம். பாலித்தீன் அடியில் ஈரம் இல்லை. பின்கதவை இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து அடைத்திருக்கிறார்கள். முனையில் பலகைக்கு முனைக் கட்டடக்காரர் சம்மதிக்கிறார்.

#18 அளவுநாடா

பின்கதவைத் திறந்தே ஆகவேண்டும், பேரத்துக்கு இடமில்லை. காகிதமும் ஹீட்டரும் உள்ள கடையில் ஒரே வாசல் என்றால் தீ முன்பக்கம் பிடித்தால் நான்கு பேருக்கும் வழி கிடையாது. 1911-ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள், பூட்டிக் கிடந்த கதவு அதில் ஒரு முக்கியக் காரணம். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கவேண்டும், வெளியே அது போய்ச் சேரும் சந்து தெருவரை திறந்திருக்கவேண்டும். அந்தச் சந்தில் பக்கத்துக்காரர் பூட்டு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அப்புறம், அந்தக் கதவுக்கு முன்னால் காகிதம் அடுக்கிவிடாதீர்கள். மூன்றாம் மாதத்திலேயே எல்லோரும் அடுக்கிவிடுகிறார்கள்.

#19 தூண்உத்தரம்

பின்சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது? மண் குவிந்திருந்தாலோ, செடித்தொட்டி இருந்தாலோ, கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே உடைந்திருந்தாலோ அதைச் சரிசெய்தாலே பாதி போகும். ஒரு சுவரில் மட்டும், அதுவும் 30 சென்டிமீட்டர்தான் என்றால் இடத்தை விடத் தேவையில்லை. சீர்செய்யும் வேலை உரிமையாளர் கணக்கில். உட்புறம் வெறுமனே சிமென்ட் பூசி மூடச் சொல்லாதீர்கள், ஈரம் அதற்கு மேலே ஏறிப் புதுக்கோடு போடும். காகிதத்தைத் தரையிலிருந்து 10-15 சென்டிமீட்டர் உயர மரப்பலகையில், அந்தச் சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

#20 மும்முனை

மும்முனை விண்ணப்பம் பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் போகும். தெருவில் மும்முனை லைன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கம்பத்தில் இரண்டே ஒயர்தான் என்றால் லைன் நீட்டும் செலவும் காலமும் வேறு கதை. லைன் இருந்தால் விண்ணப்பக் கட்டணம் உரிமையாளர், மீட்டருக்குப் பின்னால் கேபிளும் பலகையும் நீங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

#21 புதுக்கடை

நான்கு ஒயர் ஓடுகிறது, பார்த்துவிட்டேன். ஆனால் உரிமையாளர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார், வேறு ஆள் தயாராக இருக்கிறாராம்.

#22 பத்திரம்

ஒரு மாத வாடகைக்கு மேல் போகாமல் பிடிப்புத்தொகை கொடுங்கள், ஒரு பக்கக் கடிதத்தோடு. மும்முனை இணைப்பு, பின்கதவு, பின்சுவர், தொழில் அனுமதி ஆகிய நான்கும் இத்தனை நாளுக்குள் முடியாவிட்டால் முழுத்தொகையும் திரும்ப வரும், முடிந்த நாளில்தான் ஒப்பந்தமும் மீதி முன்பணமும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். முனைக் கட்டடக்காரரிடமும் பலகைக்குத் தனியாக ஒரு கடிதம்: அளவு, இடம், ஆண்டுத்தொகை, உங்கள் ஒப்பந்தக் காலம் முழுவதும் என்று. கடிதத்துக்கே உரிமையாளர் மறுத்தால் அந்த "வேறு ஆள்" எடுத்துக்கொள்ளட்டும்.

#23 சுமைவண்டி

கையெழுத்துக்கு முன் ஷட்டரை முழுதாகத் தூக்கி, சுருள் பெட்டிக்குக் கீழே தெளிவான உயரத்தை அளந்துவிடுங்கள். மெஷின் பெட்டியோடும் அடிப்பலகையோடும் வரும், அதை இழுக்கும் கைவண்டியின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.